வாடகை வீடுகளைக் கையளிக்கும்போது ஒப்படைப்புப் பத்திரம் எழுதும் நடைமுறையை ஏற்படுத்தக் கோரும் மனு

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், பட்டினமும் சூழலும்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

உப்புவெளியில் வாடகை வீடொன்றில் குடும்பத்துடன் வசித்து, அண்மையில் அதை உரிமையாளரிடம் கையளித்து வெளியேறிய அரச பாடசாலை ஆசிரியை நான். வாடகை வீட்டுக்குக் குடிபுகும் நாளிலும் அதைவிட்டு வெளியேறும் நாளிலும் வீட்டின் நிலையையும் பணக் கொடுக்கல் வாங்கலையும் எழுத்தில் பதியும் ஒப்படைப்புப் பத்திரம் ஒன்றைத் தயாரித்து, இரு தரப்பாரும் விரும்பினால் கிராம உத்தியோகத்தர் அதில் சாட்சியாக ஒப்பமிடுவதற்கு ஒழுங்கு செய்து தரும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கவிருப்பதாகக் கூறி, உரிமையாளர் எமக்கு ஒரு மாத அவகாசம் தந்தார். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்படாத வீட்டில் மாத வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போதும் என்பது சட்டத்தின் நிலைப்பாடு என்பதால், அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. குறித்த நாளில் வீட்டைக் கழுவித் துப்புரவாக்கிச் சாவியைக் கையளித்த பின்னரே பிரச்சினை தொடங்கியது. குடிபுகும்போது நான் செலுத்திய ஆறு மாத வாடகை முற்பணத்தில் பாதிக்கும் மேலான தொகை, சுவர்களுக்கு வர்ணம் பூசவும், ஜன்னல் கம்பிகளின் துருவை அகற்றவும், தண்ணீர் மோட்டாரைத் திருத்தவும் தேவை எனக் கழிக்கப்பட்டது. எஞ்சிய தொகையும், மின் பட்டியல் வந்த பிறகு பார்க்கலாம் என்ற பதிலுடன் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றால் இரும்பு எவ்வளவு விரைவாகத் துருவேறும் என்பதைத் திருகோணமலையில் வாழும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மாரி மழையில் சுவர் ஊறுவதும், ஊறிய இடத்தில் வர்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்வதும் வீட்டில் யார் குடியிருந்தாலும் நடப்பவைதாம். இவ்வாறான நியாயமான பாவனைத் தேய்மானத்துக்கு வாடகைக்கு இருப்பவர் பொறுப்பல்லர் என்பதை எமது நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும், அந்தத் துரு நாங்கள் குடிபுகுவதற்கு முன்னரே இருந்ததா பின்னர் வந்ததா, மோட்டார் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பவற்றைக் காட்டக்கூடிய எழுத்துப் பதிவு எதுவும் இரு தரப்பிடமும் இல்லை. பணம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய சொல்லே முடிவாகிவிடுகிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைச் சபைகளை ஏற்படுத்தியது. பின்னர் வந்த திருத்தங்களோ ஏராளமான வீடுகளை அதன் பாதுகாப்புக்கு வெளியே கொண்டு சென்றுவிட்டன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். ஆனால் நொத்தாரிசுக் கட்டணத்துக்கு அஞ்சி வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிக்கொள்வதே இங்கு பலரின் வழக்கம், வாய்ப்பேச்சோடு முடிப்பவர்களும் உண்டு. குத்தகைக்கு விட்ட கட்டடத்தை உரிமையாளர் விரைவாக மீளப்பெறுவதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டுள்ளது. உரிமையாளருக்கு அது தேவைதான். வெளியேறிய குடும்பம் தன் முற்பணத்தை மீளப்பெறுவதற்கு அதைப்போல ஓர் இலகுவான வழி இருப்பதாக நான் அறியவில்லை. சில மாத வாடகைக்காக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் வசதி எம் போன்றவர்களுக்கு இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம், அங்குள்ளவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள், ஆனால் இரு தரப்பும் இணங்கினால் மட்டுமே அங்கு தீர்வு உண்டு. அந்த இணக்கத்தை ஏற்படுத்துவதற்கும் கையில் ஓர் ஆவணம் வேண்டும்.

இது என் ஒருத்தியின் குறை அன்று. கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் மே மாதமளவில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிப்பதால், உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் பங்குனி, சித்திரை மாதங்களிலேயே வீடுகளைக் காலி செய்யக் கேட்கிறார்கள். ஒரே காலத்தில் பல குடும்பங்கள் வீடு தேடி அலையும்போது வாடகையும் முற்பணமும் ஏறிவிடுகின்றன. பழைய முற்பணம் கைக்கு வராமல் புதிய முற்பணம் கட்ட முடியாதவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்கு வந்து அறை எடுப்பவர்களும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவர்களும் இதே நிலைக்கு ஆளாகக்கூடியவர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, முற்பணத்தை வாங்கியவர் ஒருவராகவும் வீட்டைத் திரும்ப ஏற்பவர் இன்னொருவராகவும் இருக்கும் வீடுகளில், உரிமையாளருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரமான அற்றோணித் தத்துவம் யாரிடம் உள்ளது என்பதுகூட வெளியேறும் நாளில்தான் கேள்வியாகிறது.

உரிமையாளர்களின் பக்கத்திலும் நியாயம் இருப்பதை நான் அறிவேன். மின் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் கட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களால் நட்டப்பட்டவர்கள் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் கேட்கும் பத்திரம் இரு தரப்புக்கும் காப்பாக அமைய வேண்டும். சுவர், தரை, கதவு, ஜன்னல், மலசலகூடம், மோட்டார் என்பவற்றின் நிலை, செலுத்திய முற்பணம், அதைப் பெற்றவர் யார், என்ன அதிகாரத்தில் பெற்றார் என்பவை குடிபுகும் நாளில் எழுதப்பட்டு, அதே தாளின் மறுபக்கத்தில் வெளியேறும் நாளின் நிலை பதியப்படலாம். மின்மானி, நீர்மானி இலக்கங்களை அன்றே இருவரும் பார்த்து எழுதிக்கொண்டால், பட்டியல் உரிமையாளரின் பெயரில் வருவதைக் காரணம் காட்டி முழுத் தொகையையும் நிறுத்தி வைக்க நேராது. கழிக்கப்படும் தொகைக்குக் காரணமும், மீதியைக் கொடுக்கும் திகதியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் இருப்பது அவசியம். கிராம உத்தியோகத்தருக்கு நேரமில்லாத இடத்தில் சமாதான நீதவான் ஒருவர் ஒப்பமிடலாம்.

இதனுடன் சேர்த்து, வீடு மாறுபவர்களுக்கு வதிவிட உறுதிப்படுத்தலை வழங்கும்போது, முற்பணத் தகராறு இருப்பதைக் காரணமாக்கிப் பழைய உரிமையாளரின் கடிதத்தை எதிர்பார்க்க வேண்டாம் என அறிவுறுத்தும்படியும் வேண்டுகிறேன். வாக்காளர் இடாப்பும் பிள்ளைகளின் பாடசாலை அனுமதியும் அந்த ஒரு தாளில் தங்கியுள்ளன.

முற்பணத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் நீதிமன்ற அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறேன். நான் கேட்பது தீர்ப்பை அன்று, சாட்சியை மட்டுமே. அடுத்த பங்குனி மாதத்துக்கு முன் இந்நடைமுறையை ஓரிரு கிராம உத்தியோகத்தர் பிரிவுகளிலாவது தொடங்கிவைக்கத் தங்களால் இயலும் என நம்புகிறேன். பத்திரத்தின் மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கம் தரவும் ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

பிரதி: மாவட்டச் செயலாளர், திருகோணமலை.