செனிஸே மிளகாய்: காயவைப்பதும் பொரிப்பதும்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ கேட்ட, தெற்கு இத்தாலியின் செனிஸே ஊர் மிளகாய் விதையை இதோடு வைத்திருக்கிறேன். 1996இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு, அதாவது ஊர்ப்பெயருக்கான சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம். காரம் இல்லை. தோல் மெல்லியது, சதையில் தண்ணீர் குறைவு. அதனால்தான் அழுகாமல் காய்கிறது, பொரித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தடித்த குடைமிளகாயில் இது சரிவராது.

மார்ச்சில் வீட்டுக்குள்ளே நாற்றுப் போடு. செனிஸே ஊர் சின்னி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, நல்ல வெக்கை. நீ இருக்கும் பொட்டென்சாவோ 800 மீற்றர் உயரம். அவர்கள் நடும் நாளைப் பார்த்து நீயும் நடாதே. இரவுக் குளிர் 12 பாகைக்குக் கீழே போகாத காலம் வரட்டும். கன்றுக்குக் கன்று 40 சென்ரிமீற்றர் விடு. எரு கூடினால் இலைதான் மண்டும். தண்ணீரை ஒழுங்காக விடு. காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராது, நுனி கறுத்து அழுகும். அதற்கு மருந்து அடித்துப் பயனில்லை.

முழுதும் சிவந்த பழத்தை, பனி உலர்ந்தபின், காம்போடு பறி. இரண்டு மூன்று நாள் நிழலில் துணியில் பரப்பிவை. பிறகு ஊசிநூலைக் காம்பில் மட்டும் ஏற்றிக் கோர்த்துக்கொள். பழத்தில் ஓட்டை விழுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தச் சரத்தை அங்கே சேர்த்தா என்பார்கள். காற்றும் வெயிலும் படுகிற கூரையோரம் தொங்கவிட்டு, மழை மூடினால் உள்ளே எடு. ஆட்டினால் விதை கலகலவென்று கேட்க வேண்டும்.

இப்படிக் காய்ந்த செத்தல் மிளகாயைப் பொரிக்குமுன் கழுவாதே. ஈரம் எண்ணெயில் வெடிக்கும். துணியால் துடைத்தால் போதும். காம்பையும் விதையையும் எடுத்துவிடு. தோல்போல வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சிறு சூட்டில் வெதுப்பியில் (oven) கொஞ்சநேரம் வை. தாச்சியில் ஒலிவ் எண்ணெயைக் காயவிட்டு ஒரு சிறு துண்டைப் போட்டுப் பார்: உடனே நுரைத்து உப்ப வேண்டும், கறுக்கக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, மூன்று நான்கு விநாடியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துவிடு. எடுக்கும்போது துவண்டுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்பப் போடாதே, ஆறினால்தான் மொறுமொறுக்கும். மண்ணிறம் வந்துவிட்டால் அதிலுள்ள சர்க்கரை கருகிவிட்டது என்று அர்த்தம், கசக்கும். உப்பைக் கடைசியில் தூவு.

அந்தச் சிவந்த எண்ணெயைக் கொட்டாதே. பழைய பாணை (ரொட்டியை) உதிர்த்து அதில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாவோடு பிரட்டு. மிளகாயைச் சாப்பிடும் நேரத்தில் நொறுக்கிப் போடு, முந்திப் போட்டால் பதம் போய்விடும். உப்புக் கொட் மீனை ஊறவைத்து அவித்து, மேலே இந்த எண்ணெயை ஊற்றினாலும் அருமையாக இருக்கும்.

விதைக்கு விடும் செடிக்குப் பக்கத்தில் கார மிளகாய் வைக்காதே. மகரந்தம் கலந்தால் அடுத்த வருடக் காயில் காரம் ஏறிவிடும்.

அன்புடன்,
அம்மா