துணைக்குக் குரைத்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று கோபத்தில் போனை வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் பக்கம் டைகர் குரைக்க, அதைக் கேட்டு இங்கே மணி குரைக்க, நடுவில் நாம் இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஆன்லைன் மீட்டிங் நடுவில் டைகர் குரைக்கிறது என்று, ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை வாங்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். லிஃப்ட் சத்தத்துக்கு மிரளுகிற நாய்க்கு, அந்தச் சத்தத்தோடு வலியும் சேர்ந்தால் மிரட்சி கூடத்தான் செய்யும்.

ஒன்பது வருடமாக ஒரு கோம்பை நாயோடு வீட்டிலிருந்து புரூஃப் பார்க்கிறவன் சொல்கிறேன். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம்; சும்மா கிடக்குமா? ‘பாலைக் குடித்தான்’ என்பதில் ‘க்’ விட்டுப்போயிருந்தது. மணி போட்ட ஒரு குரைப்பில் நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அச்சாகி வந்த அந்தப் பக்கத்தைத் திறக்க இன்றும் மனம் வரவில்லை.

தபால்காரர் வருகிறார், மணி குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தான்தான் விரட்டினோம் என்பது மணியின் கணக்கு. தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார் விடுவார்கள்? உன் வீட்டுக்கு வரும் டெலிவரி பையன்கள் அத்தனை பேரையும் துரத்தியது டைகர்தான்! நீ “சும்மா இரு” என்று கத்தினால், துணைக்கு ஆள் வந்தாயிற்று என்று இன்னும் உரக்கக் குரைக்கும். ஐந்து வருடம் நான் அப்படித் துணைக்குக் குரைத்தேன், அம்மாவைக் கேள்.

பிறகு ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழைய புரூஃப் தாள்களை ஒட்டித் தெருவை மறைத்தேன். கேட்டின் கொண்டியை நானே மெல்லத் தட்டுவேன். குரைப்பதற்கு முன்பே அவித்த ஈரலில் ஒரு துணுக்கு, சுண்டுவிரல் நகமளவு. இரண்டு மாதம் பிடித்தது. இப்போது கொண்டி சத்தம் கேட்டால் என் கையைப் பார்க்கிறது. தபால்காரர் விஷயத்தில் மட்டும் ஈரல் செல்லவில்லை.

நீ லிஃப்ட் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, காதில் விழுந்தும் விழாததுமாக வைத்துத் தொடங்கு. மீட்டிங்குக்கு முன் அரைமணி நேரம் நடக்கக் கூட்டிப் போ.

குரைக்கிற நாய் கடிக்காது என்று மாமா சொன்னால் நம்பாதே. மணி குரைத்துக்கொண்டேதான் கடித்தது; கடிபட்டவரே அவர்தான். டைகருக்கு இந்த வருட வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயா?

மணி கேட்டுக்கு ஓடுகிறது. தபால்காரராகத்தான் இருக்கும். உறையை ஒட்டி அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா