ஞாயிறு மாலை நம் மொட்டை மாடியில் தோல்பாவைக்கூத்து

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 6.30க்குக் கூத்து தொடங்கும். கன்னியாகுமரி மாவட்டக் கலைஞர்கள் வருகிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமன், ராவணன், அனுமன் எல்லோருக்கும் குரல் மாற்றிப் பேசி, பாடி, பாவைகளையும் ஆட்டுவார். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் பிள்ளைகளின் சிரிப்பு அடங்காது!

பல இரவுகள் நடந்த ராமாயணத்தை இப்போது ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தருகிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். அப்புறம், பாவைகளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

நடக்கும்போது ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், நிழல் கெட்டுவிடும். கலைஞர்களுக்கு உரிய சம்பளம் கொடுக்க வேண்டும்; வீட்டுக்கு 200 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இங்கேயே சொல்லுங்கள்.