அப்பாவுக்கு, ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ
ரொறன்ரோ, கனடா
22 கார்த்திகை 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

குஞ்சியம்மாவின் மகன் வந்து இறங்கிய அன்றே உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டான். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறோம்தான், ஆனாலும் உங்கள் கையெழுத்தைப் பார்க்கிற சந்தோஷம் வேறு. நாலு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு இடத்திலும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு நன்றாக உறைத்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. வேலையும் பிள்ளைகளுமாக நாள் ஓடிவிடுகிறது, வேறொன்றும் இல்லை.

புது வீடு வசதியாக இருக்கிறது. பேஸ்மென்ட் என்று தங்கச்சி உங்களைப் பயப்படுத்தியிருப்பாள். சூடு நன்றாக நிற்கிறது. இரண்டு அறைதான், கூட்டித் துடைக்கக் கால் மணித்தியாலம் போதும். இவருக்கு இப்போது இரவு வேலை. அதற்கு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள். விடிய அவர் வரும்போது நான் வெளிக்கிட்டுவிடுவேன். சாப்பாட்டை மூடி வைத்து, மேலே ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போவேன். அவரும் பின்னேரம் எனக்கு அப்படித்தான் எழுதி வைப்பார். முதல் ஸ்னோ விழுந்துவிட்டது. சின்னவனுக்குப் பழைய சப்பாத்தே இந்த வருடமும் அளவாக இருக்கிறது.

அம்மா, மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் ஒரு சேதமும் இல்லாமல் வந்தன. தூள் பையைப் பிரித்ததும் வீடு முழுக்க எங்கள் குசினி மணம். மூத்தவள் தும்மிக்கொண்டே, "அம்மம்மா வந்திட்டா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினேன். பயற்றங்காயும் நண்டும் இங்கே கடையில் கிடைக்கும், பலாக்கொட்டைதான் இல்லை. அது இல்லாமல் கூழ் ஒரு மாதிரிதான், ஆனாலும் பானை காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அம்மாவைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன், கயானாவிலிருந்து வந்தவர். எழுபது வயது தாண்டியும் விடிய ஐந்து மணிக்கு ஸ்னோ தள்ளுகிற சத்தம் கேட்கும். தன் வாசலோடு நிற்கமாட்டார், எங்கள் படியையும் வழித்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் 30 வருடம் கட்டடப் பராமரிப்பாளராக இருந்தாராம். பிள்ளைகள் வருவதற்கு முதல் படியில் பனிக்கட்டி இருக்கக்கூடாது என்பது அவருக்கு ஊறிப்போய்விட்டது. பழைய ஸ்காபரோ கல்விச் சபையின் பெயர் போட்ட ஜாக்கெட்டை இன்னும் போட்டுக்கொண்டுதான் தள்ளுகிறார், கைமுட்டியில் இரண்டு ஒட்டு. அந்தச் சபை 1998 இல் இல்லாமல் போய்விட்டது. நகரத்தில் இருந்த ஆறு சபைகளையும் அவற்றுக்கு மேலிருந்த பெருநகரச் சபையையும் ஒன்றாக்கி ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை ஆக்கினார்கள்.

நீங்கள் கடிதத்தில் கேட்டது இதைத்தானே அப்பா. பேரப்பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் 'போர்ட்' பள்ளிக்கூடம் என்றால் யாருடையது, திணைக்களமா, மாகாணமா, மாநகரசபையா? அங்கே ஒரு குறை என்றால் யாருக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும்? எனக்கும் இது விளங்கக் கனகாலம் எடுத்தது. முழுக்கக் கயானா அம்மாவிடம் கேட்டுப் படித்ததுதான்.

பாடத்திட்டமும் காசும் ஒன்ராறியோ மாகாண அரசாங்கத்துடையது. பள்ளிக்கூடங்களை நடத்துவது சபை. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எங்கே புதிதாகக் கட்டுவது, பஸ், கட்டடத் திருத்தம், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு, எல்லாம் சபையின் பொறுப்பு. மூத்தவள் போகிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் சபை நடத்துவதுதான். ஏறத்தாழ 2,40,000 பிள்ளைகள், 580 அளவில் பள்ளிக்கூடங்கள். கனடாவிலேயே பெரிய சபை இது.

இதற்கு 22 உறுப்பினர்கள். அவர்களை யாரும் நியமிப்பதில்லை அப்பா, நாலு வருடத்துக்கு ஒரு தரம் மாநகரசபைத் தேர்தலோடு சனங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர். மாணவர் பிரதிநிதிகளும் கூட இருப்பார்கள், ஆனால் அவர்களின் வாக்கு முடிவில் சேராது. உறுப்பினர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து அதிபரை அதட்ட முடியாது. கல்விப் பணிப்பாளர் ஒருவரைத்தான் சபை நியமிக்கும், மற்ற ஆட்கள் எல்லாம் அவருக்குக் கீழே. வருடாவருடம் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதுதான் உறுப்பினர்களின் பெரிய தலையிடி. வரவை மிஞ்சிச் செலவழிக்கச் சட்டம் விடாது. முன்பு சபையே வீட்டு வரியில் தனக்கு வேண்டிய வீதத்தைப் போடலாமாம். 1990களின் கடைசியில் மாகாணம் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். சனங்கள் கூடித் தங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேரைத் தெரிவு செய்கிற சட்டம் இந்த மாகாணத்தில் 1816 இல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன்காரர் பள்ளிக்கூடம் தொடங்கிய அதே வருடம்! கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்கும் இங்கே அரசாங்கக் காசுதான், அவற்றுக்கு வேறு சபை. 1867 அரசியலமைப்பிலேயே அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. 1960இல் எங்கள் ஊரில் அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களை எடுத்த கதையை நீங்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், இதைக் கேட்க ஆச்சரியமாகத்தான் இருந்தது.

போன வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்தியில் பிள்ளைகளைக் கடக்கவிட ஆள் இல்லை என்று கல்விச் சபை உறுப்பினருக்கு எழுதப்போனேன். கயானா அம்மா தடுத்துவிட்டார். தெருவைக் கடக்கவிடுகிறவர் மாநகரசபையின் ஆள், அதற்கு நகரசபை உறுப்பினருக்கு எழுது என்றார். அவருடைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று எழுதிய துண்டுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அடியில் பழைய பள்ளிக்கூடத்துத் திறப்பு ஒன்றும் கிடக்கிறது. அந்தப் பூட்டே இப்போது இல்லையாம், ஆனாலும் எறிய மனமில்லை.

இந்த வருடம் வசந்தத்தில் என்னையும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏறி, பிறகு ரயில் ஏறி, யங் தெரு 5050ஆம் இலக்கக் கட்டடம். சனம் இருந்து பார்க்கலாம், பெயர் கொடுத்து வைத்தால் பேசவும் விடுவார்கள். சில நிமிடம்தான். ஒரு தாய் எழும்பித் தன் மகளின் பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகத்தைப் பற்றிப் பேசினாள். இங்கே பல பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே தடாகம் இருக்கிறது. கையில் இருந்த தாள் நடுங்கியது. ஆங்கிலம் என்னுடையதை விடத் தட்டுத் தடுமாறியது. நேரம் முடிந்த பிறகும் ஒரு வசனம் மிச்சம் இருந்தது, அதையும் சொல்ல விட்டார்கள். ஒரு உறுப்பினர் அவளிடம் கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொண்டார்.

அப்போது எனக்கு உங்கள் நினைவு வந்தது அப்பா. புயலில் பறந்த கூரைத் தகரத்துக்காக எத்தனை தரம் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தீர்கள். முன் பாரில் நான். விறாந்தை வாங்கில் இருவரும் இருப்போம், "பெரியவர் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள்" என்பார்கள். திரும்பி வரும் வழியில் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தருவீர்கள், உங்களுக்கு வாங்கமாட்டீர்கள். உங்களுக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது! உட்கார வைத்துச் சில நிமிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லையே. ரயிலில் வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கயானா அம்மா ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்துத் தந்தார். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது அப்பா. கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் தலையில் ஊற்றிவிட்டு, மாமர நிழலில் சும்மா இருக்கவேண்டும் போல இருக்கிறது.

சரி, அதை விடுவோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஆனி மாதக் கடைசியில் மாகாணக் கல்வி அமைச்சர் போல் கலன்ட்ரா சபையின் அதிகாரத்தை எடுத்து ஒரு மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டார். காசைச் சரியாக நிர்வகிக்கவில்லை என்பது அரசாங்கத்தின் பேச்சு. தரவேண்டிய காசைத் தராமல் எங்களைக் குற்றம் சொல்லலாமா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பெயரளவில் பதவியில் இருக்கிறார்கள், தீர்மானம் எடுக்க முடியாது. 2002 இலும் இப்படி நடந்ததாம். அரசாங்கம் மாறிய பிறகுதான் அதிகாரம் திரும்பி வந்தது என்று கயானா அம்மா சொன்னார். அவர் இணையத்தில் சபைக் கூட்டம் பார்க்கும் சத்தம் மதில் தாண்டி எங்களுக்குக் கேட்கும். இப்போது அந்த இரவுகள் அமைதி.

காசுக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்க்க எனக்கு அறிவு போதாது. ஆனால் அந்தத் தாய் இனி யாருக்கு முன்னால் எழும்பி நிற்பாள்? எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பிழை விட்டவர்களை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். மேற்பார்வையாளரை நாங்கள் அனுப்ப முடியாதே. 2026 ஒக்ரோபரில் தேர்தல் வரவேண்டும். ஆனால் தெரிவு செய்யப்படும் உறுப்பினர்களே தேவையா என்றுகூட அமைச்சர் கேட்டிருக்கிறார்.

தேர்தல் வந்தாலும் எனக்கு வாக்கு இல்லை, குடியுரிமை எடுத்தவர்களுக்குத்தான். பரீட்சைப் புத்தகத்தை இரண்டு தரம் படித்து முடித்துவிட்டேன். விண்ணப்பத்தை அடுத்த வருடம் போடலாம் என்று இவர் சொல்கிறார். அவசரம் ஒன்றும் இல்லைத்தானே. பள்ளிக்கூடப் பெற்றோர் மன்றத்துக்குக் குடியுரிமை தேவையில்லை, அதில் சேர்ந்துவிட்டேன். ஊரில் அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர்தான் தலைவர். இங்கே ஒரு தாயோ தகப்பனோதான் தலைவராக இருக்கவேண்டும் என்று விதி. மன்றம் ஆலோசனைதான் சொல்லலாம், ஆனாலும் போன கூட்டத்தில் நான் வாய் திறந்தேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்மாவின் கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பா, கேட்காதீர்கள். மூன்று நாளைக்கு அடுப்படிக்குப் போகக்கூடாது, மாமியை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சியின் இடமாற்றக் கடிதத்துக்குப் பதில் வந்ததா? நகல் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கொடுத்த திகதியும் வாங்கினவரின் கையெழுத்தும் அதில் இருக்கவேண்டும். வன்னிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்து மெலிந்துவிட்டாள், வீடியோவில் தெரிகிறது.

கிழக்கு வேலி விஷயமாகச் சித்தப்பாவோடு இப்போது கதைக்கவேண்டாம் அப்பா. காணி உறுதி பெரிய றங்குப்பெட்டியில் அம்மாவின் கூறைக்கு அடியில் இருக்கிறது, அளவைப் படமும் அதோடுதான். தம்பியை விட்டு நில அளவையாளரைக் கூட்டிவந்து கல்லைக் காட்டச் சொல்லுங்கள். கதியால் போடுகிற காசை நான் தை மாதத்துக்குள் அனுப்புவேன். இந்த மாதம் வழக்கமாக அனுப்புவதில் கொஞ்சம் குறையும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

மூத்தவள் தமிழ் வகுப்பில் எழுதிய தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ளகரமும் ழகரமும் அவளுக்கு மாறி மாறி வருகின்றன. சிவப்புப் பேனையால் திருத்தி, புள்ளியும் போட்டு அனுப்புங்கள். தாத்தா எத்தனை போடுவார் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்