எலும்பு கூடிவிட்டது, கை வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்துச் செய்திகளை 'எலும்பு முறிவு' என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். பைக்கிலிருந்து விழுந்த என் மகனுக்குக் காறை எலும்பு 2 மாதத்தில் கூடிவிட்டது. கைதான் துணி மாதிரி தொங்கியது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக்கொத்து அறுந்திருந்தது.

முதலில் பார்த்த மருத்துவமனையில் "தானா வந்துடும்" என்றே 4 மாதம் ஓட்டினார்கள். நானும் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தேன், அது வேறு கதை. 5-ஆம் மாதம் வேறொரு டாக்டர் நரம்புச் சோதனை செய்து, உடனே ஆபரேஷன் என்றார்.

கெண்டைக்காலிலிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து, துண்டுகளாக வெட்டி, அறுந்த நரம்பின் இடைவெளியில் வைத்து, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போனது, நடப்பதற்குத் தடையில்லை. நான் தறிக்காரன். அறுந்த பாவு இழையைப் பிணைத்தால் அந்த நிமிடமே தறி ஓடும். நரம்பு அப்படியில்லை. தைத்தது வழி மட்டும்தான். அந்த வழிக்குள் புது நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ந்து தசையைச் சேர வேண்டும். அடிபட்டதிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் சேராவிட்டால் தசை சூம்பிப்போய்ப் பயனில்லையாம்.

மாதாமாதம் அவன் கையை மேலிருந்து தட்டிப் பார்ப்பேன். "இங்கதாம்பா, ஷாக் அடிக்குது" என்கிற இடத்தில் பேனாவால் கோடு போடுவேன். கோடு இறங்கிக்கொண்டே வந்தது, நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். 11-ஆம் மாதம் முழங்கை லேசாக மடங்கியது. விரல்கள் இன்னும் வரவில்லை.

'3 மாதத்தில் அசைவு இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் போங்கள்' என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தால் என்ன? உங்கள் மருத்துவப் பக்கத்திலும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

– நெசவாளர் ஒருவர், சென்னிமலை