பத்துப் பிரதிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும்

திருநெல்வேலி மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும், கிளை நூலகங்கள்தோறும் வாசகர் வட்டங்களை நடத்திவரும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நாவல் வாசிப்பதை இந்த வாழ்க்கையில் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷங்களுள் ஒன்றாகக் கருதுகிறவள் நான். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளோடு உங்கள் முன் வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், நம் கிளை நூலகங்களில் ஒரு கூடத்தை நாவல் வாசகர்கள் வாய்விட்டுப் பேசுவதற்கு ஒதுக்கித் தர வேண்டும். அந்த மாலைக்கு ஒரு மாதம் முன்பாகவே, பேசப்போகும் நாவலின் பத்துப் பிரதிகள் அந்தக் கிளையில் இருக்கும்படி செய்ய வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் பிறந்து வளர்ந்தது முக்கூடலில். எழுபதுகளில் எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு அரிது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு மதினிமாரும் எங்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். நனைத்துப் பதமாக்கிய இலையை அளவுத் தகரம் வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கிக் குத்தி, நூலைச் சுற்றி இழுத்து அறுப்பதற்குள் அடுத்த இலை விரலுக்கு வந்திருக்கும். கைக்கும் கண்ணுக்கும் வேலை இருந்தது. காதும் வாயும்தான் சும்மா இருந்தன. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து உட்கார வைத்து, வார இதழில் வந்துகொண்டிருந்த தொடர்கதையை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தது பாதி நேரம் என்றால், வாசிப்பை நிறுத்திவிட்டு அவர்கள் பேசியதைக் கேட்டது பாதி நேரம்.

"ஏட்டி, இவ அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்பாள் சித்தி. "கேட்டா மட்டும் சொல்லிருவானாக்கும்" என்று மதினி மறுப்பாள். இந்த வழக்கு தீர்வதற்குள் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டுகளின் எண்ணிக்கை தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். ஒரு நாள், எழுத்தே அறியாத என் ஆச்சி, அதுவரை வாயைத் திறக்காமல் இலை வெட்டிக்கொண்டிருந்தவள், "அந்த மாமியாக்காரி கெட்டவ இல்லட்டி, அவளுக்குப் பயம்" என்றாள். எல்லோருக்கும் கை நின்றுவிட்டது. அன்று ராத்திரி பழைய இதழ்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அந்த மாமியார் பேசுகிற இடங்களை மட்டும் நான் திரும்ப வாசித்தேன். அத்தனையும் வேறு தொனியில் கேட்டன. கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆச்சியின் காது எனக்கும் கொஞ்சம் வாய்த்திருந்தது.

பிற்பாடு நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனேன், பாளையங்கோட்டைக்குக் குடிவந்தேன், நூற்றுக்கணக்கான நாவல்களைத் தனியாகப் படித்தேன். தனியாகப் படிப்பதன் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊர் அடங்கிய பிறகு விளக்கின் கீழ் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளோடு உட்கார்ந்திருப்பதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடியதும் ஒரு தவிப்பு வருமே, யாரிடமாவது இதைச் சொல்லியாக வேண்டுமே என்று, அந்தத் தவிப்பைக் கொண்டுபோய் இறக்கிவைக்க முக்கூடல் தார்சாவைப்போல் ஓர் இடம் எனக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஐந்து பேர் சேர்ந்தோம். ஒரு கிளை நூலகத்தின் வாசிப்பு அறையில் மூலையோரமாக உட்கார்ந்து தணிந்த குரலில்தான் பேசினோம். இருந்தும் இரண்டாவது வாரமே வெளியே போய்ப் பேசும்படி சொல்லிவிட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்றார்கள். அது நியாயம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மேசையும் அமைதியும் எவ்வளவு அவசியம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பேசினோம். ஐப்பசி மழை வந்ததும் அதுவும் நின்றுபோயிற்று.

அந்த வேப்பமரத்தடியில் நாங்கள் அதிக நேரம் பேசியது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைப் பற்றி. 1977-இல் வெளிவந்த சிறிய நாவல். ஒரே மூச்சில் படித்துவிடலாம். மீன்பிடி வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகன் செபஸ்தி அழைக்கிறான். அப்பா குரூஸ் மிக்கேலுக்கு மனம் இல்லை. எங்களில் இளையவளான ஒரு பெண், மகன் சொல்வதைக் கேட்காத பிடிவாதம் என்று குரூஸைச் சாடினாள். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அம்பாசமுத்திரத்தில் இருந்த தன் பூர்வீக வீட்டை விற்றுப் பத்திரம் எழுதிய அன்று, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூட மறந்து சட்டைப் பையில் செருகி, பை முழுக்க மை ஊறியதைச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் நாவலை இன்னொரு தடவை படித்தேன் என்று அடுத்த வாரம் வந்து சொன்னாள். என் கட்சி இன்றுவரை பிலோமியின் கட்சிதான். அப்பாவின் வல்லத்தைவிட அந்த மகளின் மனசுதான் நாவலின் நடு என்று நான் அடித்துப் பேசுவேன். மறுப்பவர்கள் வரட்டும், உட்கார்ந்து பேசலாம்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' விஷயத்தில் சண்டை வேறு மாதிரி. கதாநாயகன் இல்லாத, ஊரே கதையாக நடக்கும் அந்த நூலை நாவல் என்று ஒப்புக்கொள்ள ஒருவர் கடைசிவரை மறுத்தார். சொல்கதைகளைத் தொடுத்த மாலை என்பது அவர் வாதம். நான் அவருக்குப் பதிலாக எடுத்துக் காட்டியது அந்தத் தொடக்கத்தை. தண்ணீர் குடிக்க ஊருணியில் இறங்கிய பெண்ணை நகைக்காகத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒரு கள்ளன். உயிர் போகும்போது அவள் அவனுடைய கால் பெருவிரலைக் கடித்த கடியை விடவில்லை. நூறு வயது தாண்டிய மூதாட்டி நினைவிலிருந்து சொல்லும், முன்னோர் தங்கள் மண்ணை விட்டு ஓடிவந்த கதைக்குள் போவதற்கு முன்னால், இந்தக் கடி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வெறும் மாலை ஆகுமா? அவர் சிரித்தார், ஒப்பவில்லை. மறுப்புக்கு விடை தேடித் தேடியே அந்த நூலை நான் நான்கு முறை படித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டிருந்தால் ஒருமுறையோடு அலமாரிக்குப் போயிருக்கும்.

இவை நம் மண்ணின் நூல்கள். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்கு முன்பு கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவலும் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' இங்கே கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டைச் சொல்வது. அதை வீரவநல்லூர்ப் பக்கத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்த ஒருவரோடு சேர்ந்து பேசுகிற மாலையை நினைத்துப் பார்க்கிறேன். நூல் விலை ஏறினால் வீட்டில் உலை எப்படி நிற்கும் என்று அவர் சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்ப அந்த நாவலைப் படிப்பதும், முன்னே படித்ததும் ஒன்றாக இருக்குமா?

கூடிப் பேசி ரசிப்பது நெல்லைக்குப் புதிய பழக்கமும் அன்று. வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியை இங்கே அறியாதவர் இல்லை. ஞாயிறு மாலைகளில் கூடி, கம்பனின் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்திருக்கிறார்கள். டவுனில் சுடலைமாடன் கோவில் தெருவில் இருந்துகொண்டு, படித்த கதையைப் பற்றி எழுதியவருக்கே அஞ்சலட்டையில் நாலு வரி எழுதிப் போட்ட விமர்சகர் தி.க.சி. 2014-இல்தான் நம்மைப் பிரிந்தார். படித்ததைப் பற்றிய அபிப்பிராயத்தைத் தனக்குள் பூட்டி வைக்கக்கூடாது என்பதை அவர் ஒரு கடமையாகவே செய்தார். வட்டத்தொட்டிக்கு ஒரு வீடு இருந்தது, அஞ்சலட்டைக்கு ஒரு பெரிய மனது இருந்தது. இன்று இந்த இரண்டையும் பொதுவில் தரக்கூடிய இடம் நூலகம்தான்.

வாசகர் வட்டங்கள் நடத்தும் கூட்டங்களுக்கு நான் தவறாமல் வருகிறேன். அவற்றில் பெரும்பாலும் ஒருவர் மேடையில் பேச, நாங்கள் நாற்காலியில் இருந்து கேட்டு, பொன்னாடை போர்த்தி, நன்றியுரையோடு கலைகிறோம். அந்தப் பேச்சுகளால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். நான் கேட்பது மேடை இல்லாத கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் போதும், தலைமையுரை வேண்டாம். ஒரே நிபந்தனை, வருகிறவர் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் பத்துப் பிரதிகள் வேண்டியிருக்கிறது. எங்கள் கிளையில் ஒரு நாவலுக்கு ஒரு பிரதிதான். ஒருவர் எடுத்துப் போனால் மற்றவர் காத்திருக்க வேண்டும். முதலில் படித்தவருக்கு மறந்துபோன காலத்தில் ஐந்தாமவர் கைக்கு அது வருகிறது. புதிதாக வாங்கச் செலவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பத்துக் கிளைகளில் ஒவ்வொன்றாக நிற்கும் அதே நாவலை ஒன்றுதிரட்டி, ஒரு பெட்டியில் போட்டு, ஒரு மாதம் ஒரு கிளையில் வைத்து, அடுத்த மாதம் அடுத்த கிளைக்கு அனுப்பினால் போதும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலிருந்து ஒரு பதிவேடு வைத்து இதை நடத்த முடியும் என்று நம்புகிறேன். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். பீடி சுற்றிச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டுக்கும் அந்த வரி உண்டு. அந்த வீடுகளின் பெண்களும் உள்ளே வந்து உட்கார்ந்து பேசும்படியான ஒரு மாலை நம் நூலகங்களில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு முதல் அரை மணி நேரம் யாராவது உரக்க வாசித்தால், அவர்களுக்கும் அந்த ஒரே நிபந்தனை நிறைவேறிவிடும். அந்த வேலைக்கு என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பழகிய வேலைதான்.

முதல் மாதத்துக்குக் 'கடல்புரத்தில்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பெட்டியை வாங்கிப் பேருந்தில் கொண்டுவந்து சேர்க்க நாங்கள் ஐந்து பேரும் ஆயத்தமாக இருக்கிறோம். நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

பணிவன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி