கூட்டல் பிழையோடு ஒரு நன்றி மடல்

தோழர்களுக்கு வணக்கம்.

நம் சங்கத் தலைவரின் பணி நிறைவுக் கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்தது. முதல் நன்றி மேடையில் இருந்தவர்களுக்கு இல்லை. "நாங்கள் ஷிப்ட்டைப் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போங்கள்" என்று மற்றவர்களை அனுப்பிவைத்த பேக்கிங் பிரிவுத் தோழர்களுக்கு. அவர் பேச்சை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவர் எடுத்ததும் கேட்டது, "பேக்கிங்கில் இருந்து ஏன் யாரையும் காணோம்?" என்றுதான்.

அடுத்து, பரணிலிருந்து பழைய துண்டறிக்கைகளைத் தேடி எடுத்துத் தந்தவர்களுக்கு. ஸ்டென்சில் வெட்டி உருட்டியவை; மை பாதி உதிர்ந்துவிட்டது. அதில் ஒன்றில் இருந்த ஒரே கோரிக்கை, கழிவறையில் தண்ணீர் வேண்டும் என்பது. இளையவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தத் தண்ணீருக்கு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது.

புது உறுப்பினர்களுக்கு அவர் எடுத்த வகுப்புகளை இங்கே சொல்லாமல் விட முடியாது. மற்றவர்கள் எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல் சிகாகோவில் நடந்த போராட்டத்தில் தொடங்குவார்கள். இவர் சம்பளச் சீட்டில் தொடங்குவார். "உன் சீட்டை எடு. ஓவர்டைம் எத்தனை மணி நேரம்? பிடித்தம் எதற்கு?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் வரலாறு வரும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-ல் வாஷிங்டனில் கூட்டிய முதல் மாநாட்டில், முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான் என்பார். தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். சொல்லிவிட்டு நம் சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

சங்கத்தில் சேர்ந்த கையோடு நிர்வாகத்திடமிருந்து எனக்கு ஒரு சார்ஜ் ஷீட் வந்தது. கோபத்தில் நான்கு பக்கம் பதில் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, வசவுகளை எல்லாம் அடித்து, தேதிகளையும் சாட்சிகளின் பெயர்களையும் கேட்டார். அரைப் பக்கமாகச் சுருங்கியது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையில் பழிவாங்கக் கூடாது என்று 1949-லேயே அதே சர்வதேச அமைப்பின் 98-வது உடன்படிக்கை வந்துவிட்டது என்று அன்றுதான் அறிந்தேன். விசாரணை முடியும்வரை ஒரு நாள் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேலை திரும்பக் கிடைத்தது. நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார் என்பதால் இங்கே எழுதுகிறேன்: நன்றி அண்ணா.

எல்லாவற்றிலும் அவரோடு ஒத்துப்போனேன் என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார். கடைசி வேலைநிறுத்தத்தை இன்னும் சில நாள் நீட்டியிருக்கலாம் என்பது அன்றும் இன்றும் என் எண்ணம். அடுப்பு எரியாத வீடுகளின் பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது, எங்களிடம் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டி, வாக்கெடுப்பு நடத்தி, எதிர்த்து விழுந்த வாக்குகளையும் எண்ணி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஒரு மாதம் அவரிடம் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். அவர் என் சந்தாவை வாங்க வழக்கம்போல வந்து நின்றார்.

அண்ணிக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. நள்ளிரவில் போன் அடித்தால் முதலில் எடுத்தது அவர்தான். யார் சஸ்பெண்டில் இருக்கிறார், யார் பிள்ளைக்குப் பீஸ் கட்டவில்லை என்பதெல்லாம் செயற்குழுவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கும் நன்றி. அப்பா இல்லாத மாலைகளை நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்க்கும் வேலை பாதியில் நிற்கிறது. அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். பெயர் தர விரும்புகிறவர்கள் கேட் மீட்டிங் முடிந்ததும் வந்து பாருங்கள்.

பரிசு எதுவும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டதால், வசூலான தொகை முழுவதும் வழக்கு நிதியில் சேர்ந்தது. கணக்குப் புத்தகம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் ஆளாக வந்து பார்த்தவர் அவர்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழையாம். திருத்திவிட்டோம்.

தோழமையுடன்,
விழாக் குழுவுக்காக, செயற்குழு உறுப்பினர்